திங்கட்கிழமைகளில் பார்த்த ஊர்கள்

பாரிசில் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன் என்று எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் நான் இருந்தது லா சப்பலில், எங்கள் ஆட்கள் கடை போட்டிருக்கிற நாலு தெருவுக்குள். வேலை ரூ காய் என்ற தெருவில், ஒரு புடவைக் கடையின் பின்னறையில், சேலைக்குச் சட்டை தைப்பது. தங்கச்சி வீட்டுக்குப் போவதென்றால் லெ பிளாங்-மெனில், சந்தைக்குப் போவதென்றால் சென் தெனி. இவற்றுக்கு வெளியே பிரான்ஸ் என்று ஒரு நாடு கிடக்கிறது என்பது தொலைக்காட்சியில் காலநிலைப் படம் காட்டும்போதுதான் நினைவுக்கு வரும். கார் து லெஸ்ட் ரயில் நிலையம் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். ஒரு நாளாவது அங்கிருந்து ரயில் ஏறியவளில்லை. ஏறிப் போய்ப் பார்க்க அந்தப் பக்கம் எனக்கு யார் இருந்தார்கள்?

இவர், அதாவது என் வீட்டுக்காரர், இருபத்திரண்டு வருடம் உணவகக் குசினியில் நின்றவர். எண்ணெய்ப் புகை நெஞ்சில் படிந்து, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கத் தொடங்கியது. இனிக் குசினிப் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். வயது ஐம்பத்தைந்து. அதற்குப் பிறகு எட்டு மாதம் வீட்டில் இருந்தார்.  ஒரு சத்தம் போட்டால் குசினியே ஓடித் திரியும் என்று பெயர் எடுத்த மனிதர், தேத்தண்ணி போடட்டோ என்று என்னிடம் உத்தரவு கேட்டுக்கொண்டு நிற்பார். தாடி வழிக்க மாட்டார். யன்னலடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு, மேலால் போகிற மெத்ரோ ரயிலைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு அழுகை வரவேண்டிய இடத்தில் கோபம்தான் வரும், அது பிறவிக் குணம். "என்ன பெட்டி எண்ணுறியளோ?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். ஓம் என்று தலையாட்டினார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கடைக்கு வருகிற ஒரு அக்கா சொன்னா, சம்பாஞ் பக்கத்தில், ஓப் மாவட்டத்தில், திராட்சைத் தோட்டக்காரி ஒருத்தி வேலைக்கு ஆள் தேடுகிறாளாம் என்று. புகை இல்லை, வெளிக்காற்று. ஆனால் ஒரு நிபந்தனை. முதல் வருடம் அறுவடை முடியும்வரை பார்ப்பாளாம். பிடித்தால் நிரந்தர ஒப்பந்தம், பிடிக்காவிட்டால் கைகுலுக்கி அனுப்பிவிடுவாளாம். இவரை அந்த வயதில் வேறு யார் எடுக்கப்போகிறார்கள்? திரும்பி வந்து அந்தக் கதிரையில் இருந்தாரென்றால் பிறகு எழும்பமாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். பங்குனி மாதம் ஒரு பெட்டியோடு வெளிக்கிட்டார்.

நான் முதல் தடவை போனது சித்திரையில். எங்கள் கடைக்குத் திங்களும் செவ்வாயும் விடுமுறை. தொலைபேசியில் இவர், "பார் எண்டு கேட்டு டிக்கட் எடும்" என்றார். நானும் கேட்டு எடுத்தேன். அந்த மாவட்டத்தில் பார் என்ற பெயரில் இரண்டு ஊர் இருப்பது யாருக்குத் தெரியும்? ஒன்று ஓப் ஆற்றங்கரையில், மற்றது செய்ன் ஆற்றங்கரையில். ரயில் போவது முதலாவதுக்கு. இவர் இருப்பது இரண்டாவதற்குக் கிட்ட. திங்கட்கிழமை காலை பத்தரைக்குப் பார்-சூர்-ஓப்பில் இறங்கி, இடியப்பப் பார்சலும் கையுமாக நடந்தால், வெதுப்பகம் பூட்டு, இறைச்சிக்கடை பூட்டு, மருந்துக்கடை பூட்டு. தெருவில் ஒரு குருவி இல்லை. ஊரில் பெரிய சாவு ஏதோ விழுந்துவிட்டது என்றே நினைத்தேன். நாட்டுப்புறத்தில் திங்கட்கிழமை கடை திறக்கமாட்டார்கள் என்பதை லா சப்பலில் இருந்துகொண்டு நான் எப்படி அறிவேன்?

இவருக்குத் தோட்டத்தில் வேலை. என்னைக் கூட்டிப்போக வந்தது அந்தத் தோட்டக்காரியேதான், இவர் மதாம் என்று கூப்பிடுகிறவ. முக்கால் மணித்தியாலம் வான் ஓட்டிக்கொண்டு வந்தா. அறுபத்தைந்து வயதிருக்கும், புருசனை இழந்தவ, மெலிந்த உடம்பு, ஆனால் கை மட்டும் இவரின் கையைவிடப் பெரிது. காலில் போட்ட சப்பாத்தில் ஒரு இறாத்தல் மண். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். மதாம் அதைக் காதில் வாங்காமல் என் சாப்பாட்டுப் பையை நடு ஆசனத்தில் வைத்து அதற்கு இருக்கைப் பட்டியும் போட்டுவிட்டா. போகும் வழியில் ஒவ்வொரு ஊர்ப் பலகையடியிலும் வேகத்தைக் குறைத்து ஊரின் பெயரைச் சொன்னா, என்னையும் சொல்லச் சொன்னா. நான் சரியாகச் சொல்லும்வரை வான் நகராது. பின்னால் வந்த உழவு இயந்திரக்காரன் கூடப் பொறுமையாக நின்றான். இந்த நாட்டில் ஒருவர் எனக்காக வேகத்தைக் குறைத்தது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியதும் ஓடிப்போய் ரயில் ஏறுவேன். இவர் மதாமின் வானில் வந்தெவ்ர் ரயில் நிலையத்துக்கு வருவார். திங்கள் முழுக்க இவர் தோட்டத்தில். நான் என்ன செய்வது? திராட்சை பிழிகிற அழுத்தகத்துக்கு மேலே இவருக்குக் கொடுத்த அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த என்னைக் கண்டு மதாம் கொட்டிலுக்குள் இருந்து ஒரு பழைய சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தா. ஓடத் தெரியுமா என்று கேட்டா. யாழ்ப்பாணத்துப் பெட்டையிடம் கேட்கிற கேள்வியா அது? சல்வாரை முழங்கால்வரை ஒதுக்கிக்கொண்டு ஏறி மிதித்தேன். முப்பது வருடத்துக்குப் பிறகு.

ஊர்ஸ் என்று ஒரு சின்ன ஆறு. அதன் கரையோடு ஊர்கள். எஸ்ஸுவா, லோஷ், லாந்திரவில், செல், கடைசியில் பார்-சூர்-செய்ன். எல்லாவற்றையும் நான் பார்த்தது திங்கட்கிழமையில், கதவு பூட்டிய கோலத்தில். கடை திறந்திருந்தால் மனிசர் கடையைப் பார்ப்பார்கள். பூட்டிக் கிடந்தபடியால் நான் ஊரைப் பார்த்தேன். எஸ்ஸுவாவில் ஆறு வீட்டு முற்றங்களை உரசிக்கொண்டு போகும், வாத்துகள் படியேறி வந்து உரிமையோடு பாண் கேட்கும். லாந்திரவிலில் கல் வீடுகளின் சுவரெல்லாம் மஞ்சள் நிறம். பார்-சூர்-செய்னில் மரச்சட்டம் போட்ட பழைய வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தபடி நிற்கும். அங்கே பாலத்தில் நின்று கீழே பார்த்தேன். பாரிசில் கப்பல் விடுகிற செய்ன், இங்கே ஒரு பிள்ளை இறங்கி நடக்கலாம் போலக் கிடந்தது. பெரிய ஆளின் சின்ன வயதுப் படத்தைப் பார்த்த மாதிரி இருந்தது.

ரிசேக்கு இவரோடு வானில் போனேன். ஒரே ஊர், ஆனால் மூன்று பகுதி, மூன்று தேவாலயம். யாழ்ப்பாணத்தில்தான் ஒரு ஊருக்குள் கோயில் பிரிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். மூன்றிலும் ஒவ்வொரு மெழுகுதிரி கொளுத்தி, அந்த ஒப்பந்தம் கிடைக்கவேண்டும் என்று கேட்டேன். கோபிக்கக்கூடாது என்று மூவருக்கும் ஒரே அளவு மெழுகுதிரி.

தண்ணீர் முடிந்தால் மயானத்துக்குப் போகவேண்டும், அங்கே குழாய் இருக்கும் என்று சொல்லித் தந்தது லோஷில் ஒரு கிழவர். மயானத்துக்குப் போய்த் தண்ணீர் பிடித்துக் குடிப்பதா என்று முதலில் எனக்கு மனம் ஒப்பவில்லை. பிறகு தாகம் ஒப்புக்கொண்டது. செல்லில் ஒரு வெதுப்பகக்காரி, கடை பூட்டு என்று பலகை போட்டிருந்தும், கண்ணாடிக்கு வெளியே வேர்த்து வழிந்துகொண்டு நின்ற என்னைக் கண்டு பின்கதவால் முதல்நாள் பாண் ஒன்றைத் தந்தா. அடுத்த திங்கள் நான் அவவுக்கு வடை கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்கு அடுத்த திங்கள் கதவு திறந்தே இருந்தது. இவரும் மாறத் தொடங்கினார். வெயிலில் முகம் கறுத்து, கண் வெளித்து, தாடி வழித்து, என்னிடம் ஒன்றும் கேளாமல் தானே தேத்தண்ணி போட்டுக் குடித்தார். நான் இந்த ஊர்களுக்கு நன்றிக் கடன்பட்டது அதற்காகத்தான். ஆறும் பாலமும் அதற்குப் பிறகுதான்.

எல்லாம் நல்லாய்ப் போய்க்கொண்டிருந்தது, என் வாய் குறுக்கே வரும்வரை.

ஆடி மாதத் தொடக்கம். மதாம் ஒரு செத்தவீட்டுக்காக இரண்டு நாள் வெளியூர் போனா. போகும்போது இவரிடம் ஒரு துண்டுக் காணியை ஒப்படைத்தா. கொடியில் காய் பிடித்திருந்தது. காய்க் குலையைச் சுற்றி, காலை வெயில் படுகிற பக்கத்து இலைகளை மட்டும் கிள்ளிவிட வேண்டும். மற்றப் பக்கம் கை வைக்கக்கூடாது. அன்று திங்கள், நானும் கூடப் போனேன். இவர் பூப்பறிக்கிற மாதிரி இரண்டு இலை, மூன்று இலை என்று கிள்ளிக்கொண்டு போனார். எனக்குப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஏனென்றால் எங்கள் அப்பா முந்திரிகைத் தோட்டக்காரர். எங்கள் பக்கம் திராட்சையை முந்திரிகை என்றுதான் சொல்வோம். பந்தல் போட்டு வளர்ப்பார்கள். அப்பா ஒரு இலை விடாமல் உருவி எறிவார், பந்தல் மொட்டையாய் நிற்கும், பிறகு குலை குலையாய்த் தொங்கும். இது என் கண்ணால் கண்டது. இவரோ வாத்தியார் வீட்டுப் பிள்ளை.

"மதாம் ஒரு பக்கம் எண்டுதான் சொன்னவ" என்றார் இவர்.

"தோட்டக்காரற்றை பிள்ளை நீங்களோ, நானோ? உந்தக் கிள்ளு வேலையை அப்பா கண்டால் சிரிப்பார். ரண்டு பக்கமும் உருவுங்கோ, காத்தும் வெயிலும் படட்டும். அவ வந்து பாத்து வாயைப் பிளக்கப்போறா."

நான் சைக்கிளை வரிசையின் முனையில் சாத்திவிட்டு இறங்கினேன். பின்னேரம் ஆகும்போது ஆறு வரிசை சுத்தம். மற்ற வரிசைகளுக்கு நேரம் கிடைக்கவில்லை, அது மதாமின் நல்ல காலம். நிமிர்ந்து பார்த்து எனக்கு அப்படியொரு பெருமை. இவர் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

அந்தக் கிழமையே வெயில் கொளுத்தத் தொடங்கியது. பாரிசில் கடைக்குள் மின்விசிறிக்கு முன்னால் இருந்து தைத்துக்கொண்டிருந்தபோது இவர் அழைத்தார். ஆறு வரிசையிலும் மேற்குப் பக்கத்துக் காயெல்லாம் கருகி வத்தலாகிப் போச்சாம். மற்ற வரிசைகளில் ஒன்றுமில்லையாம். மதாம் வந்து பார்த்தவவாம். "நான்தான் பிழையாய் விளங்கிச் செய்துபோட்டன் எண்டு சொல்லிப்போட்டன்" என்றார். தையல் இயந்திரத்தில் வைத்த கால் எனக்கு அப்படியே நின்றுவிட்டது. இப்படி என் தலையில் போடவேண்டிய பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு வேலையைத் தொலைக்கச் சொல்லி யார் கேட்டது? தொலைபேசியில் இவரைக் கண்டபடி ஏசினேன். ஏசி முடிந்த பிறகு புடவைக் கட்டுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

அண்மையில் லியோனுக்கு வேலைக்குப் போன மகளிடம் தொலைபேசியில், "ஒருவரின் பொருளைக் கெடுத்தது நான்தான் என்று பிரெஞ்சில் எப்படிச் சொல்வது?" என்று கேட்டேன். அவள் வழமைபோலப் பிரெஞ்சில் பதில் சொன்னாள், என்ன நடந்தது என்று நாலு தரம் கேட்டாள். நான் சொல்லவில்லை. ஞாயிறு ரயிலில் அந்த வசனத்தை வாய்க்குள் உருட்டிக்கொண்டே போனேன்.

திங்கள் காலை இவர் தோட்டத்துக்குப் போன பிறகு மதாமின் முற்றத்துக்குப் போனேன். அவ அறுவடைக் கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்தா. ரயிலில் பாடமாக்கிய வசனம் காற்றில் போய்விட்டது. கையை என் நெஞ்சில் வைத்து, "நான், இலை, ஆறு வரிசை, அவர் இல்லை" என்றேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

மதாம் குழாயைப் பூட்டினா. "தெரியும்" என்றா.

எப்படித் தெரியும்? அன்று முழுக்க அந்தச் சைக்கிள் வரிசை முனையில் நின்றதாம். அவ செத்தவீட்டிலிருந்து வந்து வான் கதவைத் திறக்க முதலே இரண்டு பேர் வந்து சொல்லிவிட்டார்களாம். திங்கட்கிழமை கதவு பூட்டிக் கிடக்கிற ஊர்கள் என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கதவுகளுக்குப் பின்னால் இருந்த கண்கள் எல்லாம் நான் எந்தச் சந்தியில் திரும்பினேன் என்பதுவரை அறிந்து வைத்திருந்தன.

பிறகு மதாம் என்னைக் கதிரையில் இருத்தி, ஏன் என்று கேட்டா. தெரிந்த நாலு சொல்லில் அப்பாவின் பந்தலைச் சொன்னேன். அவ கோபமில்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிற ஒருவர் கேட்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்டா. "உங்கள் அப்பா இலையை எடுக்கும்போது, கொடியில் காய் இருந்ததா?"

வாயைத் திறந்தேன். அப்பாவின் பந்தல் கண்ணுக்கு முன்னால் வந்தது, தலையைக் குறுக்காக ஆட்டினேன். இல்லை. அப்பா கொடியை வெட்டி இலையை உருவுவது காய் எல்லாம் பறித்து முடிந்த பிறகு. அடுத்த பூவுக்காக. குலை தொங்குகிற காலத்தில் எங்களை அந்த இலையைத் தொடக்கூட விடமாட்டார். பத்து வயதுப் பிள்ளை பாதியைப் பார்த்து, ஐம்பத்திரண்டு வயதுவரை அந்தப் பாதியை முழுசென்று வைத்திருந்திருக்கிறது.

"அப்படியென்றால் உங்கள் அப்பா செய்தது சரி" என்றா மதாம். "உங்கள் கணவரிடம் எனக்குத் தெரியும் என்று சொல்லவேண்டாம். பாவம், வெட்கப்படுவார்."

ஒப்பந்தம் பற்றிக் கேட்டேன். அது அறுவடைக்குப் பிறகு என்று மட்டும் சொன்னா. எனக்கு ஒரு தண்டனையும் தந்தா. அறுவடைக்கு ஒரு கிழமை, ஏழு நாளும், நான் வரவேண்டும், அந்த ஆறு வரிசையை நானே வெட்டவேண்டும், ஒவ்வொரு குலையிலும் கருகிய மணிகளைக் கத்தரிக்கோலால் ஒன்றொன்றாக எடுத்துவிட்டுத்தான் கூடையில் போடவேண்டும்.

கடையில் லீவு கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். அந்தக் கிழமைதான் அந்த ஊர்களைக் கதவு திறந்து கண்டேன். தெருவெல்லாம் ஆட்கள், வான்கள், பிழிந்த சாற்றின் புளித்த வாசம். செல்லிலிருந்து வெதுப்பகக்காரி தோட்டத்துக்கே பாண் கொண்டுவந்து இறக்கினா, என்னைக் கண்டு வடை எங்கே என்று கேட்டா. நான் குனிந்தபடியே கத்தரித்தேன். இடுப்பு விட்டுப் போயிற்று. ஒவ்வொரு கருகிய மணிக்கும் என் வாயை நானே திட்டிக்கொண்டேன். அடுத்த வரிசையில் இவர் கூடை தூக்கிக்கொண்டு ஏற்றத்தில் ஏறிப் போனார். ஒரு தடவைகூட நின்று மூச்சு வாங்கவில்லை. இது பறிபோகக் கூடாதே, கடவுளே, என்று அந்த முதுகைப் பார்த்தபடி கேட்டேன்.

கடைசி நாள் எல்லோரும் சாப்பிட்டு எழும்பிய பிறகு, மதாம் இவரைக் கூப்பிட்டு மேசையில் ஒரு கடதாசியை வைத்தா. இவர் மூன்று தரம் வாசித்தார். முடிவுத் திகதி எழுதவேண்டிய கட்டம் வெறுமையாக இருந்தது, அதுதான் நிரந்தரம் என்பதன் அடையாளம். பேனையைத் திறந்து கையெழுத்துப் போட்டார். மதாம் கைகுலுக்கினா. என்னைப் பார்த்து, பனிக்காலத்தில் கொடி வெட்டும்போது வரலாம், அப்போது காய் இருக்காது என்றா. இவருக்கு அது விளங்கவில்லை, நான் மட்டும் சிரித்தேன்.

ஒரு கிழமை ஓய்வுக்கு இவரும் என்னோடு லா சப்பலுக்கு வந்தார். ரயில் துருவா நிலையம் தாண்டிய பிறகு, இனியும் வயிற்றுக்குள் வைத்திருக்க ஏலாமல் கேட்டேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள், மனிசிதான் செய்தவள் என்று சொல்லியிருந்தால் உங்கள் வேலைக்கு ஒரு ஆபத்தும் இல்லையே, எல்லாம் போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று.

யன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்:

"நீர் செய்தனீர் எண்டு சொன்னால், ஏன் செய்தனீர் எண்டு அவ கேப்பா. நீர் உம்மட அப்பாவைச் சொல்லுவீர். மாமாவுக்குத் தோட்டம் தெரியாது எண்டு ஒரு வெள்ளைக்காரி நினைக்கிறதோ? அந்த மனிசன் கதைச்சு விளங்கப்படுத்த இப்ப உயிரோடையும் இல்லை."

அப்பா செத்தபோது எனக்கு விசா இல்லை. போகவில்லை. இவர் என் அப்பாவைக் கண்டது எங்கள் கலியாணத்தன்று ஒரே ஒரு நாள்.

அப்பா செய்தது சரிதான், நான்தான் பாதியை நினைவில் வைத்திருந்தேன், மதாமுக்கும் அது தெரியும் என்று சொன்னேன். சொல்லக்கூடாது என்று மதாம் கேட்டதையும் மீறிச் சொன்னேன், என் வாய் எப்போது சொல்லுக் கேட்டது? இவர் "அப்ப சரி" என்று மட்டும் சொன்னார். முகத்திலிருந்து ஒரு பாரம் இறங்கியது தெரிந்தது.

எங்கள் ஆட்கள் வீட்டுக்குள் நன்றி சொல்வதில்லை. புருசனுக்கு மனிசி நன்றி சொல்வதென்பது அந்நியரிடம் பேசுகிற மாதிரி. முப்பது வருடத்தில் நான் ஒரு தரமும் சொன்னதில்லை. பெட்டியில் மற்றவர்கள் எல்லாம் இருக்க, இவரின் கையைப் பிடித்து, "நன்றி" என்றேன்.

இவர் திடுக்கிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார்.

"இஞ்சேரும், உமக்கென்ன விசரோ?" என்றார். கையை மட்டும் விடவில்லை.